ஊர்வசியும் எங்கம்மாவும் பின்னே ஒரு பாலிசியும்

எங்கம்மாவுக்கும் நடிகை ஊர்வசிக்கும் ஒரே வயசு. ரெண்டு பேரும் 1969. இதை அம்மாகிட்ட சொன்னா உடனே "அவ ஜனவரிடா, நான் ஜூலை. ஆறு மாசம் சின்னவ நான்" என்று திருத்துவார். இந்த ஆறு மாசக் கணக்கை எங்க வீட்டுல வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது கேட்டாகணும். கே டிவியில் 'மைக்கேல் மதன காமராஜன்' போடும்போது ஒரு தடவை, 'பஞ்சதந்திரம்' போடும்போது இன்னொரு தடவை.

ரொம்ப நாளா ஊர்வசி பத்தி எழுதணும்னு ஆசை. ஒவ்வொரு தடவை உட்காரும்போதும் பட லிஸ்ட் போடறதுல போய் முடிஞ்சிடும். அவர் நடிச்ச படமெல்லாம் சேர்த்து லிஸ்ட் போட்டா அது பதிவா இருக்காது, ரேஷன் கடை போர்டு மாதிரி இருக்கும். அதனால எனக்குத் தெரிஞ்ச வழியிலேயே போறேன். கொஞ்சம் நீ...ளமா வரும், பொறுத்துக்குங்க மக்கா.

1983-ல 'முந்தானை முடிச்சு' வந்தப்ப அம்மா ஒன்பதாங்கிளாஸ். தாத்தாவுக்குத் தெரியாம சித்தியோட திண்டுக்கல்ல போய்ப் பார்த்திருக்கார். படம் முடிஞ்சு வரும்போது முருங்கைக்காய் பத்தி சித்தியும் பக்கத்துவீட்டு அக்காவும் ஏன் அப்படிச் சிரிச்சாங்கன்னு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சதாம் :-) ஆனா அம்மாவுக்கு அன்னிக்கு மனசுல நின்னது வேற. திரையில கைக்குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு, வாத்தியார் பாக்யராஜோட மல்லுக்கு நிக்கிற பரிமளத்துக்கும் தன் வயசுதான்னு யாரோ சொன்னதாம். "நான் பாவாடை தாவணில பரீட்சைக்குப் படிச்சிட்டிருக்கேன். அவளுக்குப் புருஷன், புள்ள, சக்களத்தி மாதிரி செத்துப்போன மூத்தா நெனப்பு... எல்லாத்தையும் ஒரு படத்துல நடிச்சு முடிச்சிட்டா."

அந்தப் படத்தை இன்னிக்குப் பார்த்தா சில இடம் நெருடும். ஆள் கிடைக்கணும்னு குழந்தையைத் தாண்டிப் பொய்ச்சத்தியம் பண்றதும், தன் அன்பை நிரூபிக்க குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் வரைக்கும் போறதும் இப்போ எழுதினா நாலு பேர் சண்டைக்கு வருவாங்க. வரட்டும், வரவேண்டியதுதான். ஆனா அந்தப் பொண்ணைப் பாருங்க. முதல் பாதியில் வாண்டுகளோட சேர்ந்து ஊரையே படுத்தி எடுக்குற அதே முகம், இரண்டாம் பாதியில் தான் சொன்ன பொய்யோட எடையைத் தூக்கிட்டு நடக்குது. பதினாலு வயசு. நான் பதினாலு வயசுல கூட்டுவட்டிக் கணக்குல தப்பு பண்ணிட்டிருந்தேன்.

சரி, ஊர்வசி என்ன பண்றாருன்னு யோசிச்சிருக்கீங்களா? நான் யோசிச்சிருக்கேன். வேலையில் பில்டு ஓடி முடியற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்கணும், அந்த நேரத்துல அவரோட காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கேன். (மேனேஜர் இதைப் படிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில்.)

அவர் ஒரு வாக்கியத்தை முழுசா ஒரே ஆளுக்குச் சொல்றதே இல்லை. பாதி எதிரில் நிக்கிறவருக்கு. கால்வாசி பக்கத்துல இருக்கிற சுவத்துக்கு. மிச்சம் தனக்குத்தானே. சத்தமா ஆரம்பிக்கிற வரி நடுவுல முனகலா மாறி, கடைசி வார்த்தை பாதி முழுங்கிப் போகும். முழுங்கின அந்த வார்த்தையிலதான் சிரிப்பே இருக்கும். மத்த காமெடி நடிகர்கள் சிரிப்பு வர்ற இடத்துல ஒரு அழுத்தம் கொடுப்பாங்க, நாம சிரிக்க இடம் விடுவாங்க. இவர் அந்த இடத்தைக் காலால் தள்ளிவிட்டுட்டு அடுத்த வேலைக்குப் போயிடுவார். நாமதான் அடடா, என்ன சொன்னார்னு பின்னாடி ஓடணும்.

'மைக்கேல் மதன காமராஜன்'ல (1990) கமல் நாலு வேஷம். நாலு பேருக்கு நடுவுல, கிரேசி மோகன் வசனம் ரயில் வேகத்துல போகுது. பாட்டி எஸ்.என்.லட்சுமி கிடைச்சதையெல்லாம் சுருட்டிட்டு வர்றார். இத்தனை கூத்துக்கும் நடுவுல திரிபுரசுந்தரி, அதாவது நம்ம 'திருப்பு', யார் மேலயும் மோதாம, யாருக்கும் வழிவிடாம நிக்கிறார். பாட்டியோட கைநீளத்தை மறைக்கணும், காமேஸ்வரன் மேல ஆசையையும் மறைக்கணும். ரெண்டையும் ஒரே முகத்துல மறைக்கிறார், நமக்கு மட்டும் ரெண்டும் தெரியுது. அந்த ஸ்லோமோஷன் பாட்டு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கமல் உடம்பைப் பார்த்து முடிச்சவங்க அடுத்த தடவை ஊர்வசி கண்ணைப் பாருங்க.

'மகளிர் மட்டும்' 1994. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், கமல் தயாரிப்பு. ரேவதி, ரோகிணி, ஊர்வசி மூணு பேரும் நாகேஷைப் பிணமாத் தூக்கிட்டு அலையற படம்னு நமக்கு ஞாபகம். ஆனா படத்தோட விஷயம் ஆபீஸில் கைநீட்டும் முதலாளி. அதுல ஊர்வசியோட ஜானகி, பயந்த சுபாவம். அந்தப் பயத்தைச் சிரிப்பா மாத்தறார், ஆனா பயத்தைக் கேலி பண்ணல. இந்த வித்தியாசம் எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆச்சு. இதே தலைப்பில் 2017-ல் பிரம்மா இயக்கத்தில் ஜோதிகா நடிச்ச வேற ஒரு 'மகளிர் மட்டும்' வந்தது இல்லையா, அதிலும் ஊர்வசி உண்டு. இருபத்து மூணு வருஷ இடைவெளியில் ஒரே பேர்ல ரெண்டு படம், ரெண்டுலயும் அவர். இப்படி வேற யாருக்காவது அமைஞ்சிருக்கான்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தமிழ்நாட்டுல நாம இதோட நிறுத்திடுவோம். "ஊர்வசியா? சூப்பர் காமெடி." அவ்வளவுதான். நானும் அப்படித்தான் இருந்தேன். 2019-ல் பெங்களூர்ல வேலைக்குச் சேர்ந்து, திருச்சூர்க்காரன் ஒருத்தனோட ரூம் போட்டேன். ஒரு சனிக்கிழமை "உங்க ஊர்ல ஊர்வசின்னா காமெடியா?" என்று அவன் பார்த்த பார்வை இருக்கே, எங்க வீட்டுச் சாம்பாரைக் குறை சொன்னா நான் பார்க்கிற பார்வை. அன்னிலேர்ந்து அவன் எனக்கு டியூஷன் எடுத்தான்.

அவன் சொல்லித்தான் தெரியும், கேரள அரசின் சிறந்த நடிகை விருதை 1989, 1990, 1991 என்று மூணு வருஷம் வரிசையா வாங்கியிருக்கார். அப்புறம் 1995-ல் 'கழகம்', 2006-ல் 'மதுசந்திரலேகா'. அந்த முதல் விருதுக்கான படங்களில் ஒண்ணு சத்யன் அந்திக்காட்டோட 'மழவில்காவடி'. அதோட கதை நடக்கிறது எங்க பக்கம், பழனியில்! மலையாளப் படத்துல நம்ம ஊர் மலையைப் பார்த்ததும் நான் குதிச்ச குதிக்கு ரூம்மேட் பயந்துட்டான்.

அடுத்த வருஷம் 'தலயணமந்திரம்'. இதுல அவர் பேர் காஞ்சனா. சொந்தக்காரங்க கொஞ்சம் வசதியா இருந்தாப் பொறுக்காது. புருஷன் சீனிவாசனை நச்சரிச்சு, தனிக்குடித்தனம், ஹவுசிங் காலனி, கார், கடன்னு இழுத்துட்டுப் போவார். நம்ம சீரியல்ல இந்த மாதிரி ஒரு மருமகளுக்குப் பின்னாடி மத்தளம் அடிச்சு, கண்ணுக்கு மை அப்பி வில்லி ஆக்கியிருப்பாங்க. ஊர்வசி அப்படிச் செய்யல. காஞ்சனாவுக்குத் தன் ஆசை ரொம்ப நியாயமாப் படுது. அடுத்தவ கழுத்துல இருக்கிற நகையைப் பார்க்கும்போது அந்த முகத்துல பொறாமையோட கூடவே ஒரு அவமானமும் ஓடும். தமிழ்ல 'இரட்டை ரோஜா' (1996) பார்த்தவங்களுக்கு இந்த ஏரியா கொஞ்சம் தெரிஞ்சிருக்கும், பணத்துக்காகப் புருஷனையே விட்டுக்கொடுக்கிற பொண்டாட்டி.

'ஸ்படிகம்', 'மிதுனம்', பரதன் இயக்கின 'வெங்கலம்'னு அவன் வரிசையாப் போட்டான். எல்லாத்தையும் எழுத இடமில்லை. ஒரு விஷயம் மட்டும், 1994-ல் 'பிடக்கோழி கூவுன்ன நூற்றாண்டு'ன்னு ஒரு படத்துக்குக் கதை எழுதி, தயாரிச்சதும் இவரே. கூவும் பெட்டைக்கோழி. தலைப்புக்கே விசில் அடிக்கலாம்.

இப்போ 'அச்சுவின்டெ அம்மா' (2005). இங்கேதான் நான் மாட்டினேன்.

சில வருஷம் நடிக்காம இருந்துட்டு ஊர்வசி திரும்பி வந்த படம். மறுபடி சத்யன் அந்திக்காடு. வனஜான்னு ஒரு அம்மா, மீரா ஜாஸ்மின் பொண்ணு. வீட்டுல ரெண்டு பேர்தான், ஆம்பளை கிடையாது. அந்த வனஜாவுக்கு வேலை என்ன தெரியுமா? எல்.ஐ.சி. ஏஜென்ட்.

எங்கம்மாவும் எல்.ஐ.சி. ஏஜென்ட்.

நான் ஏழாவது படிக்கும்போது, 2009-ல் அப்பா போயிட்டார். அடுத்த வருஷம் அம்மா பரீட்சை எழுதி ஏஜென்சி எடுத்தார். அதுவரைக்கும் வீட்டு வாசல்ல நின்னு பேசுறதுக்கே யோசிக்கிறவர், கைப்பை நிறைய விண்ணப்பத்தோட திண்டுக்கல் முழுக்க நடக்க ஆரம்பிச்சார். கல்யாண வீட்டுல, துட்டி வீட்டுல, பஸ்ஸுல, ரேஷன் கியூவுல. பேச்சு எங்க ஆரம்பிச்சாலும் கடைசியில் பிரீமியத்துல வந்து நிக்கும். சொந்தக்காரங்க அம்மாவைக் கண்டா தெரு மாறினாங்க. எனக்கு எரிச்சலா வரும். அம்மா பேசப்பேச, வேற யாரோ பேசுற மாதிரி நான் ஜன்னலைப் பார்ப்பேன்.

காலேஜ் ரெண்டாம் வருஷம், ஃபீஸ் கட்ட தவணை கேட்க அம்மா வந்திருந்தார். ஹெச்.ஓ.டி. ரூமுக்கு வெளியில் என் கிளாஸ் பசங்க நாலஞ்சு பேர். கதவு திறந்திருக்கு. உள்ளே அம்மா தவணை விஷயம் பேசி முடிச்சுட்டு, "சாருக்குப் பசங்க எத்தனை பேர்?" என்று ஆரம்பிச்சுட்டார். எனக்குத் தெரியும் அடுத்தது என்னன்னு. பசங்க சிரிக்கிறாங்க. ஒருத்தன், "யாருடா அது?" என்றான். "தெரியலடா" என்று சொல்லிட்டு நான் கேன்டீன் பக்கம் போயிட்டேன். அம்மா வெளியே வந்து என்னைத் தேடியிருப்பார். அப்புறம் தனியா பஸ் பிடிச்சுப் போயிட்டார். இதைப் பத்தி ராத்திரி போனில் அவரும் கேட்கல, நானும் சொல்லல.

இப்போ பெங்களூர் ரூம்ல லேப்டாப்ல வனஜா படபடன்னு பேசுறார். பாதி எதிராளிக்கு, கால்வாசி சுவத்துக்கு, மிச்சம் தனக்கு. ரூம்மேட் விழுந்து விழுந்து சிரிக்கிறான். நானும் சிரிச்சேன். பாதியில் சிரிப்பு நின்னு போச்சு. அந்தம்மா பேச்சை நிறுத்தினா என்ன ஆகும்னு அவருக்கே தெரியும், அதனாலதான் நிறுத்த மாட்டேங்கிறார். பொண்ணுகிட்ட மறைச்சு வச்சிருக்கிற ஒரு உண்மை, தனியா ஒரு பொண்ணை வளர்க்கிற பயம், ரெண்டையும் அந்தப் பேச்சு மூடி வச்சிருக்கு. பொண்ணு எதிர்க்கேள்வி கேட்கும் இடத்துல முதல் தடவையா வனஜாவுக்கு வாய் எழும்பல. பேசிட்டே இருந்த ஊர்வசி சும்மா நிக்கிறார். அவ்வளவுதான் நடிப்பு. எங்கம்மா ஏன் கல்யாண வீட்டுல அவ்வளவு பேசினார்னு எனக்கு அப்பதான் மண்டையில் ஏறிச்சு. "சிகரெட் வாங்கிட்டு வரேன்"னு கீழே இறங்கிட்டேன். எனக்குச் சிகரெட் பழக்கம் கிடையாது.

அந்தப் படத்துக்கு அவருக்கு தேசிய விருது கிடைச்சுது. சிறந்த துணை நடிகை! படத்தோட பேரே 'அச்சுவின் அம்மா', அந்த அம்மா துணையாம். இந்தக் கடுப்பைக் கொஞ்சம் பத்திரமா வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

2020 லாக்டவுன்ல நானும் ஊருக்கு வந்துட்டேன். அந்த வருஷ அக்டோபர், நவம்பர் ஊர்வசி ரசிகர்களுக்கு டபுள் தீபாவளி, இல்ல, ட்ரிபிள் தீபாவளி. அக்டோபர்ல 'புத்தம் புதுக் காலை'யில் சுதா கொங்கரா எடுத்த பகுதியில் ஜெயராமோட முதிர்ந்த காதல். நவம்பர் 12-ல் 'சூரரைப் போற்று'. ரெண்டே நாள் கழிச்சு, தீபாவளிக்கு 'மூக்குத்தி அம்மன்'. ஒரே வாரத்துல ரெண்டு அம்மா. ஒருத்தர் சோழவந்தான் பேச்சி. இன்னொருத்தர் புருஷன் ஓடிப்போய், மாமனாரையும் நாலு பிள்ளைகளையும் வச்சுக்கிட்டு, திருப்பதி போக முடியலையேன்னு புலம்புற நாகர்கோவில் பால்தங்கம். பேச்சும் வேற, நடையும் வேற, முந்தானையைச் செருகுற விதமே வேற.

'சூரரைப் போற்று' அம்மாவோட பார்த்தேன். அப்பா சாகக் கிடக்கும்போது டிக்கெட்டுக்குக் காசு இல்லாம, எல்லாம் முடிஞ்சப்புறம் வந்து சேர்ற மகனை பேச்சி அடிச்சு அழற காட்சி. சூர்யாவும் அதுல நல்லாத்தான் செஞ்சிருப்பார். ஆனா ஊர்வசியோட அந்த அழுகையில் துக்கத்துக்கு முன்னாடி கோபம் வருது. ஏன்டா இப்ப வந்தேங்கிற கோபம். புருஷனுக்காக அழறதா மகனுக்காக அழறதான்னு அவருக்கே பிரிக்கத் தெரியல. எங்கம்மா சத்தமில்லாம எழுந்து அடுப்படிக்குப் போயிட்டார். தண்ணி திறந்துவிடுற சத்தம் ரொம்ப நேரம் கேட்டுச்சு. ரெண்டு நாள் கழிச்சு அதே சோபாவில் 'மூக்குத்தி அம்மன்' பார்த்துட்டு, "கடன்காரி, என்னமாப் புலம்புறா பாரு" என்று கண்ணுல தண்ணி வரச் சிரிச்சார். அதே ஆள்தான் ரெண்டு நாளைக்கு முன்னாடி அழவச்சதுன்னு அம்மா மறந்தே போயிட்டார். ஒரு நடிகைக்கு இதுக்கு மேல பாராட்டு வேணுமா, சொல்லுங்க.

'உள்ளொழுக்கு' வந்தது 2024-ல். கிறிஸ்டோ டோமி இயக்கம். (இன்னும் பார்க்காதவங்க இந்தப் பத்தியைத் தாண்டிடுங்க.) குட்டநாட்டில் வெள்ளம். வீட்டுக்குள்ள தண்ணி. இறந்துபோன மகனைப் புதைக்க வெள்ளம் வடியணும், உடல் காத்திட்டிருக்கு. மருமகள் அஞ்சுவா பார்வதி, மாமியார் லீலாம்மாவா ஊர்வசி. மருமகள் கர்ப்பம்னு தெரிஞ்சதும் லீலாம்மாவுக்கு அந்தச் சாவு வீட்டுலயும் ஒரு வெளிச்சம் வருது. குழந்தை தன் மகனோடது இல்லைன்னு அப்புறம்தான் தெரியும். ஆனா லீலாம்மாவும் சும்மா இல்ல, மகனோட நோயை மறைச்சுக் கல்யாணம் பண்ணி வச்சவர். யார் யாரை ஏமாத்தினது? இந்தப் படத்துல ஊர்வசி கிட்டத்தட்ட பேசவே இல்லை. நாப்பது வருஷமா நாம ரசிச்ச அந்தப் படபடப்பை முழுசாக் கழட்டி வச்சுட்டார். மூச்சு மட்டும் விடறார். தண்ணிக்குள்ள மெல்லக் காலெடுத்து வைக்கிறதுலயே அந்தம்மாவோட அத்தனை வருஷத் தனிமையும் தெரியுது.

2023-க்கான கேரள அரசு விருதில் இதுக்கு சிறந்த நடிகை கொடுத்தாங்க, 'தடவு' படத்துக்காக பீனா ஆர். சந்திரனும் சேர்ந்து வாங்கினார். ஊர்வசிக்கு அது ஆறாவது. 2025 ஆகஸ்ட்ல தேசிய விருது அறிவிச்சாங்க. மறுபடியும், இருபது வருஷம் கழிச்சும், துணை நடிகை! எந்த அளவுகோல் வச்சு நடிப்பை முதன்மை, துணைன்னு பிரிக்கிறீங்கன்னு ஊர்வசி இந்தத் தடவை வெளிப்படையாவே கேட்டார். 'பார்க்கிங்'குக்காக நம்ம எம்.எஸ்.பாஸ்கருக்கு அதே அறிவிப்புல துணை நடிகர் விருது வந்தப்ப சந்தோஷப்பட்டேன், அது வேற. ஆனா லீலாம்மா யாருக்குத் துணை? வயசான பொம்பளை, யாருக்கோ அம்மா, யாருக்கோ மாமியார். அதனால துணை. வேற காரணம் எனக்குத் தெரியல.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப 'உள்ளொழுக்கு' அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். மலையாளம் அம்மாவுக்கு அரைகுறை. இருந்தாலும் சப்டைட்டில் படிச்சுச் சொல்ல வேண்டாம்னுட்டார். படம் முடிஞ்சதும் ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அம்மா பேசாம இருக்கிறது எங்க வீட்டுல ஒரு அபூர்வம். எனக்கு என்னமோ அன்னிக்குச் சொல்லிடணும் போல இருந்துச்சு.

"ம்மா, காலேஜ்ல ஒரு நாள் ஃபீஸ் கட்ட வந்தீங்கல்ல..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"கதவு திறந்துதானடா இருந்துச்சு. 'தெரியலடா'ன்னு சொன்னியே." அம்மா டிவியைப் பார்த்தபடி ரிமோட்டைத் துடைச்சிட்டிருந்தார். தூசியே இல்லாத ரிமோட். "எனக்கும் அன்னிக்குக் கொஞ்சம்..." என்று ஆரம்பிச்சு, மிச்சத்தைச் சுவத்துக்குச் சொல்லி, கடைசி வார்த்தையை முழுங்கிட்டார்.

அப்புறம் சட்டுனு என் பக்கம் திரும்பி, "ஆனா ஒண்ணு, உங்க ஹெச்.ஓ.டி. ரொம்ப நல்ல மனுஷன்டா. அன்னிக்கே ரெண்டு பாலிசி போட்டார். இன்னி வரைக்கும் ஒரு பிரீமியம் லேட் பண்ணதில்ல" என்றார்.